மறுபடி கேட்காத செயலி

கிட்ட வாருங்கள், செல்லங்களே. குளிர் உள்ளே வராமல் கதவைச் சாத்திவிட்டுக் காலை நீட்டி வசதியாக இருங்கள். கணினிக்கு மூளை மாதிரி உள்ளே ஒரு செயலி இருக்கிறதல்லவா? அதற்குச் சுவிஸ் மரியாதையும் யாழ்ப்பாணத்து மரியாதையும் ஒன்றாகத் தொற்றிக்கொண்டால் என்ன பாடு படும் என்று ஒரு கதை இருக்கிறது. பயப்படாதீர்கள், கணக்கு வராது. வந்தாலும் சாப்பாட்டோடுதான் வரும்.

சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரன். அங்கே ரயில் பாதையை ஒட்டிய மாடிவீடு ஒன்றில் வினோதா தாய் தகப்பனோடு இருந்தாள். சின்னப் பிள்ளையாக அகதிப் பயணத்தில் வந்தவள். டொச் என்கிற ஜெர்மன் மொழியைப் பள்ளிக்கூடத்து முற்றத்தில் அடிபட்டுக் கற்று, பிறகு அந்த மொழியிலேயே கணினிப் படிப்பும் படித்து முடித்தாள். தகப்பன் மகேஸ்வரன் உணவகம் ஒன்றின் சமையலறையில் நின்றார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வேலை கூடிய கிழமை. தாய் புனிதவதி முதியோர் இல்லத்தில் வேலை. நாள் முழுக்கச் சுவிஸ் கிழவிகளுக்குச் சூப் கொடுத்துவிட்டு வந்து, மாலையில் மகளுக்கு வாயில் சோறு தீத்தாத குறையாக நிற்பார்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி பங்குனிப் பக்கம். வினோதா ஓர் ஆய்வுகூடத்தில் ரேத்தோ என்ற சுவிஸ்காரரோடு சேர்ந்து ஒரு செயலியை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். பெரிய நிறுவனங்கள் தங்கள் செயலியின் வரைபடத்தை இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைப்பார்கள். இவர்கள் இருவரும் தங்களுடையதை இன்டர்நெற்றில் விரித்து வைத்தார்கள். யாரும் எடுக்கலாம், பார்க்கலாம், திருத்தலாம். பெயரும் வினோதா வைத்ததுதான்: ‘பந்தல்’. கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் போட்டு, வருகிறவர் யார் எவர் என்று கேட்காமல் மோர் ஊற்றுவார்களே, அந்தப் பந்தல்.

புனிதவதிக்கு இந்தக் கொடை பிடிபடவில்லை.

“உவ்வளவு மினைக்கெட்டுச் செய்துபோட்டு, சும்மாவே குடுக்கப் போறியள்?”

“ஓம் அம்மா. தண்ணீர்ப்பந்தல் மாதிரி.”

“தண்ணீர்ப்பந்தலிலை மோர் ஊத்துறவனுக்கு வேறை உத்தியோகம் இருக்கும் பிள்ளை. உனக்கு?”

அந்தக் கேள்விதான் குத்தியது. வினோதாவின் உத்தியோகம் கோடையோடு முடிகிறது. பேராசிரியர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: பந்தல் காகிதத்தில் இருந்து இறங்கிச் சிலிக்கனில் உண்மையான சிப்பாக ஏறினால் இன்னும் இரண்டு வருடம் வேலை நீடிக்கும், ஏறாவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவோம். சிலிக்கனில் ஏற்றுவதற்கு ஒரு வழி இருந்தது. பல பல்கலைக்கழகங்கள் ஒரே சிலிக்கன் வில்லையைப் பங்குபோட்டுத் தங்கள் சின்னச் சின்ன வடிவமைப்புகளைச் செய்விக்கும். அந்த வில்லையில் பந்தலுக்கும் ஒரு துண்டு ஒதுக்கியிருந்தார்கள். பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வடிவமைப்பை அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த வில்லை இலையுதிர் காலத்தில்தான். அப்போது வினோதா அங்கே இருக்கமாட்டாள்.

செயலியை இருவரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ரேத்தோவுடையது கேட்கும் பாதி. ‘கூட்டு’ என்ற கட்டளை, கூட்ட வேண்டிய எண்கள் என்று கணக்குக்கு வேண்டிய பொருட்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக் கணக்குச் செய்யும். வினோதாவுடையது கொடுக்கும் பாதி. நினைவகம் என்ற பெரிய களஞ்சியத்துக்குப் போய், கேட்டதை எடுத்துவந்து தரும். களஞ்சியம் தூரம் என்பதால் கேட்டவுடன் தர முடியாது. ஆகவே முதல் தடவை கேட்டால் “பிறகு” என்று பதில் சொல்லிவிட்டு, ஓடிப்போய் எடுத்துவந்து, தன்னிடம் உள்ள ஒரே ஒரு தட்டில் வைத்துக்கொண்டு நிற்கும்.

இரண்டு பாதியையும் சார்புகளாலேயே எழுதினார்கள். சார்பு என்றால் என்ன? ஒன்றை உள்ளே போட்டால் ஒன்று வெளியே வரும். நாளைக்குப் போட்டாலும் அதுவே, நாளையன்றைக்குப் போட்டாலும் அதுவே. காலையில் ஒரு முகம், மாலையில் ஒரு முகம் கிடையாது. நம் வீடுகளில் அப்படி ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்! மனம் மாறாத இந்தக் குணத்தால் ஒரு வசதி உண்டு. ஓட்டிப் பார்த்து ‘இன்றைக்குச் சரியாக ஓடியது, நாளைக்கு எப்படியோ’ என்று கும்பிடத் தேவையில்லை. எந்தக் காலத்திலும் பிழை விடாது என்று பள்ளிக்கூடத்துத் தேற்றம் மாதிரி நிரூபித்தே விடலாம். நிரூபணத்தின் ஒவ்வொரு படியையும் சரிபார்க்க ஒரு மென்பொருளும் இருந்தது. பொல்லாத வாத்தியார் அது. ஒரு படி வழுக்கினாலும் விடாது.

அந்த வெள்ளிக்கு முந்திய சனிக்கிழமை இரண்டு பாதியும் நிரூபணமாகிவிட்டன. அந்த மகிழ்ச்சியில் வினோதா மறுநாள் ரேத்தோவை வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

ரேத்தோ நாற்பது வயது தாண்டிய, நீளக் கால்கள் கொண்ட, நேரம் தவறாத மனிதர். பன்னிரண்டு மணிக்கு வரச்சொன்னால் பன்னிரண்டு அடிக்கும்போது மணியடிப்பார். அன்று காலையில் மனைவி உர்சுலாவோடு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். சும்மா முகம் காட்டிப் போகலாம் என்று நினைத்தாராம், பாவம்.

புனிதவதி இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் சம்பலும் பரப்பியிருந்தார். ரேத்தோ மேசையைப் பார்த்ததும் டொச் மொழியில் நேர்மையாகச் சொன்னார்: “நன்றி, நான் சாப்பிட்டுவிட்டேன்.”

“என்னவாம்?”

“சாப்பிட்டிட்டாராம் அம்மா.”

“வெக்கப்படுறார் போலை.” ஐந்து இடியப்பம் தட்டில் விழுந்தன.

ரேத்தோ நல்ல பிள்ளையாகத் தின்று முடித்தார். முடித்தது பிழை. வெறுந்தட்டைக் கண்டதும் புனிதவதி மறுபடி வந்தார். ரேத்தோ அதற்குத் தயாராக வந்திருந்தார். ‘போதும்’ என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் சொல்லை வினோதாவிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தார். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “காணும்!”

“ஐயோ, என்ன வடிவாத் தமிழ் கதைக்கிறார்!” என்று பூரித்துப்போய் இன்னும் மூன்று வைத்தார் புனிதவதி.

“அம்மா, காணுமெண்டுதானே சொல்லுறார்?”

“முதல் தரம் ஆரெண்டாலும் அப்பிடித்தான் சொல்லுவினம் பிள்ளை. அந்தச் சொல்லை நம்பிக் கையை எடுத்தால் எங்களை மனுசரெண்டு மதிப்பினமோ?”

ரேத்தோ அன்று பின்னேரம் ரயிலில் நின்றுகொண்டே போனார். உட்கார முடியவில்லையாம்.

திங்கட்கிழமை இரண்டு பாதியையும் ஒட்டினார்கள். கணினியிலேயே போலியாக ஓடவிட்டு, பந்தலுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள்: இரண்டையும் மூன்றையும் கூட்டு. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

விடை வரவில்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. பந்தல் ஓடிக்கொண்டே இருந்தது. தலையால் மண் கிண்டுகிற மாதிரி மும்முரமான வேலை, ஆனால் ஐந்து என்று சொல்ல மாட்டேன் என்கிறது. அந்தப் பொல்லாத வாத்தியாரைக் கேட்டால், இரண்டு நிரூபணமும் சரி, ஒரு சொல்லுக்கும் குறை இல்லை என்கிறார்.

இந்த இடத்தில் வேறு யாராவது என்றால் என்ன செய்திருப்பார்கள்? ஒருவர் மற்றவரின் பாதியைத் திறந்து, ‘இங்கேதான் நீ குழப்பியிருக்கிறாய்’ என்று சண்டை பிடித்திருப்பார்கள். அரை நாளில் விஷயம் வெளித்திருக்கும். இவர்களோ இருவரும் மரியாதைக்காரர்.

“உங்கள் பாதியில் பிழை இருக்காது” என்றார் ரேத்தோ.

“உங்களுடையதிலும் இருக்காது” என்றாள் வினோதா.

அழைக்காமல் அடுத்தவர் வேலைக்குள் மூக்கை நீட்டுவது ரேத்தோவின் ஊரில் அநாகரிகம். தன்னைவிட மூத்தவரின் வேலையைத் திறந்து பார்ப்பதே அவரைப் பிழைகாரர் என்று சொல்வதாகும் என்பது வினோதாவின் வளர்ப்பு. ஆகவே இருவரும் தங்கள் தங்கள் பாதியையே திரும்பத் திரும்பப் படித்தார்கள். சரியாக இருந்ததைப் படித்துப் படித்துச் சரியாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். செவ்வாயும் போயிற்று, புதனும் பாதி போயிற்று. வெள்ளிக்கிழமை பெரிய கட்டடம் மாதிரி எழும்பி முன்னால் நின்றது. பந்தல் பங்குனியில் போகிறது என்று உலகத்துக்கே இன்டர்நெற்றில் எழுதியாயிற்று. இனி அந்த முகத்தை எங்கே வைப்பது?

புதன் பின்னேரம் ரேத்தோ சொன்னார்: “ஒரே அறைக்குள் இருந்து மூளை கட்டிப்போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு வாருங்கள். உர்சுலா சமைக்கிறாள். சாப்பிட்டபடி யோசிப்போம்.”

ரேத்தோவின் வீடு ஏரிக்கரை மேட்டில். கதவைத் திறந்ததுமே வெங்காயம் பொன்னிறமாக வதங்கிய வாசம். உர்சுலா பெரிய சட்டியில் மக்கரோனியும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் கிண்டி, பக்கத்தில் அப்பிள் கூழும் வைத்திருந்தாள். நடுப்பகலில் கால்வாசிப் பாண் ரொட்டி மட்டும் தின்ற வினோதாவுக்கு வாயூறியது. உர்சுலா தட்டை நீட்டி, “போடட்டுமா?” என்றாள்.

தாயின் மகள் அல்லவா? வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது: “இல்லை, நன்றி. இப்போதுதான் சாப்பிட்டு வந்தேன்.”

“அடடா, பரவாயில்லை” என்றாள் உர்சுலா. ஒரு கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. தட்டு அலுமாரிக்குத் திரும்பிப் போயிற்று.

வினோதா இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தாள். அதற்கு ‘சரி, கொஞ்சமாகப் போடுங்கள்’ என்ற பதில் வாய்க்குள் தயாராக இருந்தது. கேள்வி வந்தது, வேறு கேள்வியாக. “அப்படியென்றால் கொஞ்சம் பாலாடைக்கட்டியும் பாணும்?”

முதல் தடவை கேட்கப்பட்ட பொருள் ஆயிற்றே! “ஐயோ, வேண்டாம், வேண்டாம்.”

“கோப்பி?”

“சிரமப்படாதீர்கள்.”

உர்சுலா சிரித்த முகத்தோடு அவளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். கணவனும் மனைவியும் ஆவி பறக்கப் பறக்கச் சாப்பிட்டார்கள். வினோதா தண்ணீரைக் குடித்தாள். வயிறு ஒரு முறை சத்தம் போட்டது. அதை மறைக்க அவள் இருமினாள்.

மனதுக்குள் திட்டிக்கொண்டும் இருந்தாள். ‘என்ன சனம் இது! மூன்று தரம் கேட்கிறார்கள், மூன்றும் வேறு வேறு. மக்கரோனியையே இன்னொரு தரம் கேட்டிருந்தால் குறைந்தா போய்விடுவார்கள்? நான் ஓம் சொல்லத் தயாராக நிற்கிறேன். அடுத்ததைக் கேட்டதும் அந்த ஓமை வைத்துவிட்டு மறுபடி முதலில் இருந்து இல்லை சொல்ல வேண்டியிருக்கிறதே…’

கிளாஸ் அந்தரத்தில் நின்றது.

“ரேத்தோ!”

ரேத்தோ முள்ளுக்கரண்டியோடு நிமிர்ந்தார்.

“உங்கள் பாதி என்னிடம் ஒன்றைக் கேட்கிறது. ‘பிறகு’ என்று பதில் வருகிறது. அப்போது என்ன செய்யும்?”

“தொந்தரவு கொடுக்காது” என்றார் ரேத்தோ, கொஞ்சம் பெருமையோடு. “அடுத்த பொருளைக் கேட்கும்.”

“முதல் பொருளுக்குத் திரும்பி வருமா?”

“வரும். வேண்டியது எல்லாவற்றையும் ஒரு சுற்றுக் கேட்டுவிட்டு, மரியாதையாக.”

வினோதா எழும்பிவிட்டாள். “என்னிடம் ஒரே ஒரு தட்டு! நீங்கள் முதலாவதைக் கேட்டதும் ஓடிப்போய் எடுத்துவந்து வைக்கிறேன். நீங்கள் இரண்டாவதைக் கேட்கிறீர்கள். முதலாவதைத் திருப்பிப் போட்டுவிட்டு இரண்டாவதை எடுக்க ஓடுகிறேன். அதை வைத்துக்கொண்டு நின்றால் மூன்றாவதைக் கேட்கிறீர்கள். சுற்றி வந்து முதலாவதைக் கேட்கும்போது என் தட்டில் மூன்றாவது இருக்கிறது. மறுபடியும் ‘பிறகு’ என்கிறேன்! திங்கட்கிழமை தொடக்கம் உங்கள் பாதி கேட்டுக்கொண்டே இருக்கிறது, என் பாதி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒருவர் வாயிலும் ஒரு பருக்கை விழவில்லை.”

ரேத்தோவின் முள்ளுக்கரண்டி மெல்லத் தட்டுக்கு இறங்கியது. “ஆனால் நிரூபணம்?”

“நான் நிரூபித்தது என்ன? ‘கொடுத்தால் சரியானதைத்தான் கொடுப்பேன்.’ நீங்கள் நிரூபித்தது என்ன? ‘வாங்கினால் சரியாகத்தான் கணக்குச் செய்வேன்.’ இரண்டும் உண்மை. கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. பிறகு எங்கே பிழை வருவது!”

இப்படியும் ஒரு நிரூபணம், செல்லங்களே. அடுப்பே மூட்டாத வீட்டில் கறிக்கு உப்புக் கூடியதே கிடையாது என்று சத்தியம் செய்யலாம்.

உர்சுலா மட்டும் வினோதாவின் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வினோதா, ஒன்று கேட்கட்டுமா? உங்களுக்கு இப்போது பசிக்கிறதா?”

வினோதாவின் முகம் சிவந்தது. “சரியான பசி.”

“பிறகு ஏன் மூன்று தரம் இல்லை என்றீர்கள்?”

“நீங்கள் ஒன்றையே இரண்டு தரம் கேட்கவில்லையே!”

சட்டியில் மிச்சமிருந்தது முழுவதும் வினோதாவின் தட்டுக்கு வந்தது. அவள் தின்னத் தின்ன ரேத்தோ யோசனையாக வயிற்றைத் தடவினார். “ஞாயிற்றுக்கிழமை நான் ‘காணும்’ என்று சொன்னேனே. உங்கள் அம்மாவுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?”

“வெட்கப்படுகிறார், இன்னும் போடு என்று.”

“எட்டு” என்றார் ரேத்தோ, ஆழமான குரலில். “எட்டு இடியப்பம்.”

பிழை பிடிபட்டால் போதுமா? யார் பாதியைத் திருத்துவது? வியாழன் காலை இருவரும் அந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்தார்கள். வினோதா தன் பாதிக்கு இன்னொரு தட்டு வைக்கலாம். ஆனால் தட்டுக்குச் சிலிக்கனில் இடம் வேண்டும். ஒதுக்கிய துண்டில் நூல் நுழையவும் இடமில்லை. எல்லாவற்றையும் அழித்து வரைய ஒரு கிழமையாவது வேண்டும். ரேத்தோவின் பாதியிலோ சில வரிகள்தான்: ‘பிறகு’ என்றால் கிடைக்கும்வரை அதையே கேள். ஆனால் அது அவர் ஒரு வருடம் செதுக்கிய, யாரையும் தொந்தரவு செய்யாத, அழகான பாதி. அதன் நிரூபணத்தை அவர் மனைவியிடம்கூட வாசித்துக் காட்டியிருந்தாராம். அதைத்தான் உடைக்க வேண்டும்.

ரேத்தோ தொண்டையைச் செருமினார். “என்னுடையதை மாற்றட்டுமா?”

வினோதாவின் நாக்கு நுனியில் நூறு வருடத்து வளர்ப்பு வந்து குந்தியது. ‘ஐயையோ, வேண்டாம், பிழை என்னுடையது, நான் எப்படியாவது சமாளிக்கிறேன், நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள்.’ அவ்வளவும் வரிசையாகத் தயாராக நின்றன. அதைச் சொன்னால் இந்த மனிதர் ‘சரி’ என்று தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். வெள்ளிக்கிழமையும் போய்விடும். வேலையும் போய்விடும்.

“ஓம்” என்றாள். பதற்றத்தில் தமிழிலேயே வந்துவிட்டது. உடனே டொச்சிலும் சொன்னாள்: “ஆம். நீங்களே மாற்றுங்கள்.”

சொன்னபின் செருப்பில்லாமல் தெருவில் நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு. ஆகாயம் இடிந்து விழவில்லை. ரேத்தோ கோபிக்கவும் இல்லை. ஆனால் புனிதவதி வீட்டில் எட்டு இடியப்பம் தின்ற மனிதர் அல்லவா? சந்தேகத்தோடு மறுபடி கேட்டார்: “உண்மையாகவா?”

“உண்மையாக. இரண்டாந்தரம் கேட்டதற்கும் நன்றி.”

அவர் மாற்றினார். வினோதா புதிய தேற்றம் ஒன்றை எழுதினாள்: ‘கேட்டது ஏதானாலும் ஒரு கட்டத்தில் கிடைத்தே தீரும்.’ வாத்தியார் மென்பொருள் இலேசில் ஒப்பவில்லை. கேட்கிறவர் கேட்டுக்கொண்டே இருக்க, கொடுக்கிறவர் காலமெல்லாம் ‘பிறகு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால் என்ன செய்வாய் என்று மடக்கியது. நியாயமான கேள்வி. விருந்தாளியும் ஒரு கட்டத்தில் ஓம் சொல்லத்தானே வேண்டும்? எடுத்துவந்து தட்டில் வைத்தபின் அதே பொருளைக் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுப்பேன் என்று தன் பாதிக்காக அவள் தனியாக ஒரு நிரூபணம் செய்துகொடுத்தாள். வெள்ளி காலை கோப்பி ஆறிக்கொண்டிருக்க, வாத்தியார் ஒப்புக்கொண்டார். இரண்டும் மூன்றும் எவ்வளவு என்று பந்தலைக் கேட்டார்கள்.

ஐந்து.

இரண்டு பெரிய படிப்புக்காரர், ஐந்து என்ற ஒற்றை இலக்கத்தைப் பார்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சுவிஸ்காரர் கட்டிப்பிடித்தார் என்பதே ஒரு தேற்றம்தான். தேவாலயத்து மணிக்கூடு பன்னிரண்டு அடிக்குமுன் வடிவமைப்புப் போய்ச் சேர்ந்தது. கோடையில் நகத்தளவு சிப்பாகத் திரும்பி வந்து, அது கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னது. வினோதாவின் வேலையும் நிலைத்தது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ரேத்தோவும் உர்சுலாவும் ஷ்லீரனுக்கு விருந்துக்கு வந்தார்கள். புனிதவதி இடியப்பத் தட்டோடு உர்சுலாவிடம் போய் வாயைத் திறக்குமுன், உர்சுலா கையை நீட்டிச் சிரித்தபடி, “ஓம்!” என்றாள். வரும் வழியில் கற்றுக்கொண்டாளாம்.

புனிதவதி திகைத்துப்போய் நின்றார். “என்ன பிள்ளை இது, கேக்கமுன்னமே ஓமெண்டுட்டா! இனி நான் என்னத்தைக் கேக்கிறது?”

“அடுத்ததைக் கேளுங்கோ அம்மா. உவையின்ரை முறை அதுதான்.”

ரேத்தோ இந்த முறை ஒரு உபாயத்தோடு வந்திருந்தார். தட்டு வெறுமையானால்தான் கேள்வி வருகிறது. ஆகவே தட்டில் எப்போதும் ஒரு இடியப்பத்தை மிச்சம் வைத்தால் கேள்வியே வராது. வயிற்றைக் காப்பாற்ற இதைத் தாளில் எழுதி நிரூபித்துவிட்டே வந்திருந்தார். ஒற்றை இடியப்பத்தைத் தட்டின் ஓரத்தில் விட்டுவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தார்.

புனிதவதி அதைப் பார்த்தார். “ஐயோ பாவம், சொதி இல்லாமல் தொண்டைக்குள்ளை இறங்குதில்லைப் போலை” என்று ஒரு அகப்பை சொதி ஊற்றி, அந்த ஒற்றைக்குத் துணையாக இன்னும் இரண்டு வைத்தார்.

அவர் நிரூபணங்கள் வாசிப்பதில்லை, செல்லங்களே.

போய் வாருங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். வாசலுக்கு வருகிறவர் கூச்சத்தில் இல்லை என்றால் இன்னொரு தரம் கேட்கும் மனசு உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருக்கட்டும். பசித்தால் முதல் தரமே ஓம் சொல்லும் துணிவு உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வரட்டும். கேட்டது ஒவ்வொன்றும், கொஞ்சம் சுணங்கினாலும், உங்கள் வீட்டுக்கு வந்து சேரட்டும்.